சாப்பாடு போடாமல் வளர்த்தவர்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது.

3000 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற ஒரு டேங்க். அதில் இரண்டு நன்னீர்த் திருக்கைகள். திருக்கை என்றதும் நமக்குக் கடலும் மீன் குழம்பும்தான் ஞாபகம் வரும். ஆனால் அமேசான், பரானா மாதிரியான தென் அமெரிக்க ஆறுகளில், கடல் பக்கமே போகாமல் தலைமுறை தலைமுறையாக நல்ல தண்ணீரிலேயே வாழ்கிற திருக்கைகள் இருக்கின்றன. பொட்டமோட்ரிகான் என்பது அந்த வகையின் பெயர். தட்டு மாதிரி உடம்பு, வாலில் விஷ முள், அடிப்பக்கத்தில் வாய். கடல் திருக்கை தன் உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; உப்புத் தண்ணீரில் தாக்குப்பிடிக்க அதற்கு அது தேவை. ஆற்றுத் திருக்கைக்கு அந்த வழக்கமே போய்விட்டது. கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 கிராம் இறால் போடுறீங்கன்னு வைங்க. அதில் புரதம் சுமார் 20 கிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 3.2 கிராம் நைட்ரஜன். கொஞ்சம் மீனின் உடம்பில் சேரும், மிச்சம் வெளியே வரும். டிசைன் பண்ணும்போது பாதுகாப்புக்காக எல்லாமே வெளியே வருகிறது என்றே எடுத்துக்கொள்வோம். 3000 லிட்டரில் 3.2 கிராம் என்றால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரே நாளில். ஒரு வாரம் அப்படியே விட்டால் ஏழைத் தாண்டிவிடும். அம்மோனியா முதலில் செவுளைக் கெடுக்கும். ராத்திரி வரை நல்லா இருந்த மீன் காலையில் உடம்பு ஓரம் சுருண்டு கிடக்கும்.

இப்போ கேள்வி. அம்மோனியா தண்ணீரில் கரைந்திருக்கிற பொருள். எவ்வளவு மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தாலும் அது சிக்காது. அப்புறம் ஃபில்டர் என்னத்தைத்தான் வடிகட்டுகிறது?

வடிகட்டுவதே இல்லை. ஃபில்டருக்குள் இருக்கிற பிளாஸ்டிக் சில்லுகள், பீங்கான் வளையங்கள் எல்லாம் வெறும் வீடுதான். அந்த வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் ஒப்பீட்டளவில் சாது. வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தக் குடித்தனக்காரர்கள் யார் என்று கண்டுபிடித்தவரின் கதைதான் இது. அவர் பெயர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு மூவிங் பெட் பயோஃபில்டர். ஜீரோத் ரிவ்யூ முடிந்து ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாக்டீரியா செட்டில் ஆகவோ நாலிலிருந்து ஆறு வாரம் வேணும். அந்தக் காத்திருப்பில்தான் இந்த மனுஷரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். டெக்ஸ்ட் புக்கில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் 96 வருஷ வாழ்க்கை ஒளிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சட்டம், பியானோ, அப்புறம் சேறு

வினோகிராட்ஸ்கி 1856இல் கீவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைனின் தலைநகரான கீவ் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. வசதியான குடும்பம். அங்கேயே பல்கலைக்கழகத்தில் முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பிடிக்கவில்லை. இயற்கை அறிவியலுக்கு மாறினார். அங்கேயும் மனசு ஒட்டவில்லை. 1875இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பியானோ கற்கப் போய்விட்டார்.

ஆமாங்க, பியானோ. இரண்டு வருஷம். அதுவும் போதவில்லை. 1877இல் மறுபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியலும் தாவரவியலும் படித்தார். அப்போது வயது 21. நம்ம வயசு. நம்மில் பலருக்கு இந்த வயதில் ஆஃபர் லெட்டர் வராவிட்டால் வாழ்க்கையே முடிந்த மாதிரி இருக்கிறது. அவருக்கு இந்த வயதில்தான் எதைப் படிக்கலாம் என்பதே ஒரு மாதிரி தெளிவானது. 1881இல் பட்டம், 1884இல் மாஸ்டர்ஸ், 1885இல் ஸ்ட்ராஸ்பர்க். அன்றைக்கு ஜெர்மனியில் இருந்த அந்த ஊரில் ஆன்டன் டி பாரி என்ற பெரிய தாவரவியலாளரின் லேபில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது பெக்கியட்டோவா என்ற பாக்டீரியா. கந்தக ஊற்றுகளில், அழுகிய முட்டை வாடை அடிக்கிற தண்ணீரில், வெள்ளை நூல் மாதிரி வளரும். உடம்புக்குள் கந்தகத் துளிகள் பளபளவென்று இருக்கும். அந்தக் கந்தகம் அங்கே என்ன பண்ணுகிறது என்று யாருக்கும் தெளிவில்லை.

வினோகிராட்ஸ்கி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சில நூல்களை வைத்து, மைக்ரோஸ்கோப் அடியிலேயே வளர்த்தார். நாளைக்குப் பல தடவை தண்ணீரை மாற்றுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிற தண்ணீர் விட்டால் உள்ளே கந்தகத் துளிகள் பெருகும். அது இல்லாத தண்ணீர் விட்டால் துளிகள் கரைந்து காணாமல் போகும், கடைசியில் நூல் பட்டினியில் சாகும். இதையெல்லாம் பார்த்து 1887இல் அவர் எழுதிய முடிவு அன்றைக்குப் புதுசு: இந்த உயிர் சல்ஃபைடைக் கந்தகமாக்கி, கந்தகத்தைச் சல்ஃப்யூரிக் அமிலமாக்கி, அதிலிருந்தே உயிர் வாழத் தேவையான ஆற்றலை எடுக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? அதுவரை உயிர்களுக்கு இரண்டு வழிதான் என்று நினைத்தார்கள். ஒன்று, செடி மாதிரி வெயிலில் சமைக்கணும். இல்லாவிட்டால், நம்மை மாதிரி இன்னொரு உயிர் சமைத்ததைத் தின்னணும். வெறும் தாதுப்பொருளை எரித்து வாழ்கிற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதற்கான கதவு அங்கேதான் திறந்தது.

இருபது நாள் எதுவும் நடக்காத குழாய்

1888இல் டி பாரி இறந்துபோனார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சுக்கு இடம் மாறினார். அங்கே கையில் எடுத்ததுதான் நம்ம டேங்க் பிரச்சினை: அம்மோனியா எப்படி நைட்ரேட் ஆகிறது?

இதில் ஒரு முன்கதை உண்டு. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு மீட்டர் நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பி, அதன் வழியே சாக்கடைத் தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கினார்கள். முதல் 20 நாள் எந்த மாற்றமும் இல்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதற்கப்புறம் திடீரென்று நைட்ரேட் தலைகாட்டியது, கொஞ்ச நாளில் அம்மோனியாவே இல்லாமல் போனது. குளோரோஃபார்ம் ஆவியைக் காட்டினார்கள், வேலை நின்றுபோனது. ஆவியை எடுத்த பிறகும் வேலை திரும்பவில்லை. கொஞ்சம் மண் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் 20 நாள் காத்திருக்கத் தேவையில்லை, குளோரோஃபார்முக்குச் சாகவும் தேவையில்லை. ஆக உள்ளே உயிர் இருக்கிறது.

மீன் வளர்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா சிரிப்பாங்க. புது டேங்க் வைத்த எல்லோருக்கும் அந்த முதல் 20 நாள் தெரியும். அந்தக் குழாயும் நம்ம பயோஃபில்டரும் அடிப்படையில் ஒன்றுதான்.

சரி, உயிர் இருக்கிறது. அது எது? அடுத்த பத்து வருஷத்துக்கு மேல் யாராலும் பிடிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் வாரிங்டன் என்பவர் வருஷக்கணக்கில் போராடினார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்பது வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் பாக்டீரியாவைத் தனியே பிரிக்க முடியவில்லை.

காரணம், அன்றைய லேப் பழக்கம். ராபர்ட் கோக் 1881இல் ஜெலட்டின் தட்டு முறையைக் கொண்டு வந்திருந்தார். இறைச்சிச் சாறு கலந்த ஜெலட்டினில் பாக்டீரியாவைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக வளரும், ஒரு புள்ளியை எடுத்தால் ஒரு வகை. காலரா மாதிரியான கிருமிகளுக்குப் பயன்பட்ட அருமையான முறை. அதனால் எல்லோரும் அம்மோனியா வேலை செய்கிற கிருமியையும் அதே தட்டில், அதே சாறு போட்டுத் தேடினார்கள். நூறு வகைக் கிருமி வளர்ந்தது. ஒன்றுகூட நைட்ரேட் தரவில்லை.

காலியான இடத்திலிருந்து எடுத்தார்

வினோகிராட்ஸ்கி பெக்கியட்டோவாவிடம் கற்றதை இங்கே கொண்டு வந்தார். அம்மோனியாவை எரித்தே வாழ்கிற உயிராக இது இருந்தால், அதற்கு இறைச்சிச் சாறு எதற்கு? சாறு போட்டால் வேகமாக வளர்கிற மற்ற கிருமிகள்தான் இடத்தைப் பிடிக்கும். அதனால் சாப்பாட்டையே எடுத்துவிட்டார்.

அவர் குடுவையில் இருந்தவை: ஒரு லிட்டர் ஜூரிச் ஏரித் தண்ணீர், ஒரு கிராம் அம்மோனியம் சல்ஃபேட், ஒரு கிராம் பொட்டாசியம் பாஸ்பேட், அடியில் கொஞ்சம் மக்னீசியம் கார்பனேட். கொஞ்சூண்டு மண். சர்க்கரை இல்லை, புரதம் இல்லை. நம்ம மெஸ் சாம்பார்கூட இதைவிடச் சத்தா இருக்கும்.

அந்தத் தண்ணீரில் நைட்ரைட் வர ஆரம்பித்தது. அதிலிருந்து ஒரு துளியைப் புதுக் குடுவைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனார். சாப்பாடு இல்லாததால் மற்ற கிருமிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மிஞ்சியவை குடுவையின் அடியில், கார்பனேட் துகள்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது. இன்றைக்கு நாம் ஃபில்டரில் மீடியா போடுவது இந்தக் குணத்தால்தான்: இவை மிதப்பதை விட ஒட்டிக்கொள்வதையே விரும்புகின்றன.

அப்படியும் ஒன்றிரண்டு அந்நியர்கள் விடாமல் கூடவே வந்தார்கள். அவர்களைக் கழற்ற வினோகிராட்ஸ்கி செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கல்ச்சரின் துளிகளை ஜெலட்டினில் வைத்தார். மற்றவர்கள் எதில் ஏதாவது வளர்ந்ததோ அதை எடுப்பார்கள். இவர் எதில் எதுவுமே வளரவில்லையோ அதை எடுத்தார். ஜெலட்டினில் வளர்கிற கிருமி எதுவும் அந்தத் துளியில் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆக அங்கே இருந்தால் நம்ம ஆள் மட்டும்தான் இருக்கணும். அதைத் தாதுத் தண்ணீரில் போட்டார். அம்மோனியா குறைந்தது, நைட்ரைட் வந்தது. இந்த ஆராய்ச்சிகள் 1890இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஆய்விதழில் வரிசையாக வெளிவந்தன. வெளிச்சமே இல்லாமல், கார்பன் டை ஆக்சைடிலிருந்து தன் உடம்பைக் கட்டிக்கொள்கிற உயிர் இது என்பதையும் அளந்து காட்டினார்.

பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலேயே வந்து சேரச் சொல்லி அழைப்பு வந்தது. அவர் ஊருக்குத் திரும்புவதைத் தேர்ந்தெடுத்தார். 1891இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கியிருந்த பரிசோதனை மருத்துவ இன்ஸ்டிட்யூட்டில் நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவரானார். நாய், மணி, எச்சில் என்று நாம் படித்த பாவ்லோவும் அதே இன்ஸ்டிட்யூட்தான். அங்கே ஜெலட்டினுக்குப் பதிலாகச் சிலிக்காவில் செய்த ஜெல்லைப் பயன்படுத்தினார். அதில் உயிர்ப் பொருள் துளியும் கிடையாது. நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிற இரண்டாவது ஆளும் பிடிபட்டது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற பெயர்கள் அவர் வைத்தவை. மீன் கடையில் விற்கிற பாக்டீரியா பாட்டிலின் லேபிளில் இன்றும் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். அப்புறம் காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து உடம்பில் சேர்க்கிற ஒரு மண் பாக்டீரியாவையும் பிரித்தெடுத்து, பாஸ்டர் நினைவாகப் பெயர் வைத்தார்.

நடுவில் ஒரு நீண்ட காலி இடம்

1902இல் இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டர். 1905இல், உடல்நிலை சரியில்லாமல், 49 வயதில் ஓய்வு. உக்ரைனின் பொடோலியா பகுதியில் இருந்த குடும்பப் பண்ணைக்குப் போய்விட்டார். நிலம், காடு, வீடு. ஆராய்ச்சி நின்றுபோனது. இங்கேயே கதை முடிந்திருந்தால்கூட அவர் பெயர் டெக்ஸ்ட் புக்கில் இருந்திருக்கும்.

1917இல் புரட்சி வந்தது, பின்னாலேயே உள்நாட்டுப் போர். நிலம், வீடு எல்லாம் போனது. அறுபதைத் தாண்டிய வயதில் நாட்டை விட்டு வெளியேறினார். சுவிட்சர்லாந்து போய், அங்கிருந்து 1921இல் பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. பதினைந்து வருஷத்துக்கு மேல் லேப் பக்கமே வராத ஒருவர், ஊர் இல்லாமல், பணம் இல்லாமல், மறுபடி ஆரம்பிக்கிறார்.

1922இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டர் எமில் ரூ அழைத்தார். முப்பது வருஷத்துக்கு முன் தவிர்த்த அதே இடம். இந்தத் தடவை போனார். பாரிஸுக்குக் கொஞ்சம் தள்ளி பிரி-கோம்த்-ரோபேர் என்ற சிற்றூரில், மண் நுண்ணுயிரியலுக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் அமைத்துக்கொண்டார். லேபில் கொழுக்க வளர்த்த கிருமியைப் பார்த்து மண்ணைப் பற்றிப் பேசாதே, மண்ணில் அது எப்படி வாழ்கிறதோ அப்படியே பார் என்பதுதான் அடுத்த இருபது வருஷமும் அவர் வாதம். ஜூரிச் குடுவையில் ஆரம்பித்த அதே யோசனையின் வளர்ச்சி. மகள் ஹெலனும் அங்கே கூட வேலை செய்தார். 1930களில் ஹெலன் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று, பாரிஸ் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இருக்கிற நைட்ரேட் பாக்டீரியாக்கள். ஆக சுத்திகரிப்புத் தொட்டி வரைக்கும் அந்தக் குடும்பமே வந்திருக்கிறது.

1935இல் நுண்ணுயிரியலின் உயர்ந்த கௌரவமான லீவன்ஹோக் பதக்கம் கிடைத்தது. 1949இல், வயது தொண்ணூறைத் தாண்டிய பிறகு, தன் ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து 800 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார். 1953 பிப்ரவரியில் அதே சிற்றூரில் காலமானார்.

அவரை வைத்து ஒரு ஃபில்டர்

இப்போ நம்ம திருக்கை டேங்க்குக்கு வருவோம். அவர் கண்டுபிடித்ததை அப்படியே டிசைனாக மாற்றலாம்.

முதல் விஷயம், குப்பையை முதலில் எடுங்க. தின்னாமல் விட்ட இறால், மலம் எல்லாம் பயோ மீடியாவுக்கு வந்து சேர்ந்தால் அது இறைச்சிச் சாறு ஊற்றிய ஜெலட்டின் மாதிரி ஆகிவிடும். வேகமாக வளர்கிற கிருமிகள் இடத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். ஈ. கோலி மாதிரி ஒன்று நல்ல சாப்பாட்டில் 20 நிமிஷத்தில் இரண்டாகும். நைட்ரோசோமோனாஸுக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரும்பாலும் ஒரு நாள்கூட. இந்தப் போட்டியில் அது ஜெயிக்கவே முடியாது. அதனால் சம்ப்பில் முதல் அறை ஃபில்டர் சாக் அல்லது ஸ்பாஞ்ச், அதற்கப்புறம்தான் பயோ மீடியா.

இரண்டாவது, மீடியா எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒட்டியிருக்கிற பாக்டீரியா ஒரு நாளைக்கு 0.2 கிராம் அம்மோனியா நைட்ரஜனை முடிக்கும் என்று அடக்கமாக எடுத்துக்கொள்வோம். 3.2 கிராமுக்கு 16 சதுர மீட்டர். மூவிங் பெட்டில் போடுகிற சக்கர வடிவப் பிளாஸ்டிக் மீடியா ஒரு கன மீட்டருக்குச் சுமார் 500 சதுர மீட்டர் பரப்பு தரும். ஆக 32 லிட்டர் மீடியா. திருக்கை வளரும், சாப்பாடும் ஏறும், அதனால் இரண்டு மடங்கு போடுங்க.

மூன்றாவது, காற்றும் காரத்தன்மையும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆக 4.57 கிராம் ஆக்சிஜன் வேணும். கூடவே கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை தீரும். நம்ம டேங்க்கில் தினமும் கிட்டத்தட்ட 15 கிராம் ஆக்சிஜன், 23 கிராம் காரத்தன்மை. வினோகிராட்ஸ்கி குடுவையில் கார்பனேட் போட்டது சும்மா இல்லை. அதைக் கவனிக்காவிட்டால் பிஹெச் இறங்கும், பாக்டீரியா வேலையைக் குறைக்கும், அம்மோனியா ஏறும். ஏறினாலும் குறைந்த பிஹெச்சில் அது விஷம் குறைந்த அம்மோனியம் வடிவத்தில் இருக்கும். அப்போது பயந்துபோய் பிஹெச் அதிகமான தண்ணீரை மொத்தமாக ஊற்றினால்தான் ஆபத்து. 25 டிகிரியில் பிஹெச் 7இல் விஷ வடிவம் 0.6 சதவீதம்தான். 8இல் ஐந்து சதவீதத்துக்கு மேல். அதே தண்ணீர், ஒன்பது மடங்கு விஷம்.

நான்காவது, மீன் வருவதற்கு முன்பே பாக்டீரியாவை வளர்த்துடுங்க. காலி டேங்க்கில் அம்மோனியா மட்டும் அளந்து ஊற்றி, பழைய ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி மீடியா போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வருகிற வரை காத்திருக்கணும். ஜூரிச் குடுவையைப் பெரிதாக்கிய மாதிரிதான். நாலு வாரமோ ஆறு வாரமோ, அது எடுக்கிற நேரத்தை எடுக்கும். ரிவ்யூ தேதி அதற்குத் தெரியாது.

இதில் அவர் சொன்ன எல்லாமே அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நன்னீர் மீன் டேங்க்குகளைச் சோதித்தபோது, நைட்ரைட் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்ற வேறு குழு என்று தெரிந்தது. 2015இல் இன்னொரு அதிர்ச்சி. நைட்ரோஸ்பைராவில் சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு கட்டத்தையும் ஒற்றை ஆளாக முடிக்கின்றன. இரண்டு வேலைக்கு இரண்டு பேர் என்று நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் நம்பியது மாறிப்போனது. அதைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று எங்கிருந்து மாதிரி எடுத்தது தெரியுமா? ஒரு மீன் பண்ணையின் பயோஃபில்டரிலிருந்து. பெயர்கள் மாறின. ஆனால் அவற்றைக் கண்டுபிடித்த வழி, சாப்பாட்டைக் குறைத்து, அம்மோனியாவைக் கொஞ்சமாகக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருப்பது. அது வினோகிராட்ஸ்கி போட்ட வழி.

உங்க காலேஜ் ஹாஸ்டலுக்குப் பின்னால் எஸ்.டி.பி. ஒன்று நிச்சயம் இருக்கும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடம். ஒரு நாள் ஆபரேட்டர் அண்ணாகிட்ட கேட்டு ஏரேஷன் டேங்க் பக்கம் போய்ப் பாருங்க. அந்தப் பழுப்புத் தண்ணீரில் இருக்கிறவங்களும் இதே குடும்பம்தான். கொஞ்சம் சேறு பாட்டிலில் எடுத்து வந்தால் உங்க ப்ராஜெக்ட் ஃபில்டர் சீக்கிரம் செட்டில் ஆகும். ஆனா மீன் இருக்கிற டேங்க்கில் மட்டும் அதைப் போட்டுடாதீங்க, நோய்க் கிருமியும் கூடவே வரும். அப்புறம் மீடியா பழுப்பா வழவழன்னு இருக்கேன்னு குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவாதீங்க. குளோரின் பட்டால் ஆறு வாரம் வளர்ந்தவை அஞ்சு நிமிஷத்தில் போய்விடும். டேங்க் தண்ணீரிலேயே லேசா ஒரு அலசு, அது போதும்.